யார்சைட் ஏட்டைப் புதிதாக எழுதுகிறோம்: தேதிக் கணக்கு, அறிவிப்புக் கடிதம், நினைவுத் தகடு பற்றிச் சில கேள்விகள்

ஏட்டுக்காரர்:

வணக்கம். ஒரு யூத ஜெப ஆலயத்தின் யார்சைட் ஏட்டை, அதாவது இறந்தவர்களின் ஆண்டு நினைவு நாள்களைக் குறித்து வைக்கும் ஏட்டை, கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய ஏடு பல கைகளில் எழுதப்பட்டது. சில பக்கங்களில் எபிரேயத் தேதி மட்டும் இருக்கிறது, சிலவற்றில் ஆங்கிலத் தேதி மட்டும். இரண்டும் இருக்கிற இடங்களில் பல பொருந்துகின்றன, மற்றவற்றில் சரியாக ஒரு நாள் இடிக்கிறது. எதை நம்புவது?

எபிரேய நாள்காட்டியின் அதார் மாதத்தில் இறந்தவர்களுக்கு, இரண்டு அதார் வரும் ஆண்டில் எந்த மாதத்தில் நாள் பார்ப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. சபையில் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு), செபார்டி (ஸ்பானிய, மத்திய கிழக்கு மரபு) இரண்டு வகைக் குடும்பங்களும் உண்டு. குடும்பத்துக்கு அனுப்பும் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்? நினைவுப் பலகைக்குப் புதிய வெண்கலத் தகடுகள் வார்க்கக் கொடுக்கப்போகிறோம். அச்சுக்கு முந்தைய படியில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கடைசியாக, ஷோவாவில் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையில்) கொல்லப்பட்ட உறவினர்களின் பெயர்களும் ஏட்டில் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு நாளே தெரியாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை.

---

பிறை29:

ஒரு நாள் இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சூரியாஸ்தமனம்தான். எபிரேய நாள் மாலையில் பிறக்கிறது. 2025 மார்ச் 10 பகலில் ஒருவர் இறந்தால் அது 5785 அதார் 10. அதே மார்ச் 10 இரவு எட்டு மணிக்கு இறந்தால் அதார் 11. இறப்புச் சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே தேதிதான் இருக்கும். அடுத்த ஆண்டில் இதன் விளைவைப் பாருங்கள். அதார் 10 என்றால் 2026 பிப்ரவரி 26 வியாழன் மாலையில் நாள் தொடங்குகிறது. அதார் 11 என்றால் 27 வெள்ளி மாலை, அதாவது ஷப்பாத் என்ற வாராந்தர ஓய்வு நாளுக்குள் போய்விடுகிறது. நினைவு மெழுகுத்திரி ஏற்றும் நேரமே வேறு. ஒரு மனிதருக்கு ஆண்டில் கிடைப்பது இந்த ஒரு நாள். அதைப் பக்கத்து நாளுக்குத் தள்ளிவிடக் கூடாது.

ஏட்டில் இரண்டு தேதியும் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். ஆங்கிலத் தேதியை மாற்றுக் கருவியில் போடுங்கள் (ஹெப்கால் தளத்தில் உள்ளது போதும்). 'சூரியன் மறைந்த பின்' என்ற பெட்டியை டிக் செய்யாமல் பாருங்கள். ஏட்டிலுள்ள எபிரேயத் தேதி கருவி காட்டுவதைவிட ஒரு நாள் கூடுதலாக இருந்தால், மாலைக்குப் பிறகான இறப்பு என்று கொண்டு எபிரேயத் தேதியை நம்பலாம். அந்தக் காலத்தில் எழுதியவர் நேரம் தெரிந்துதான் எழுதியிருப்பார். ஒரு நாள் குறைவாக இருந்தால் நிலைமை வேறு. எபிரேயத் தேதி முன்னால் போகலாம், பின்னால் வர வழியே இல்லை. ஆகவே எங்கோ பிழை இருக்கிறது. ஆங்கிலத் தேதிக் கட்டத்தில் அடக்கம் செய்த நாளையோ, இறப்பைப் பதிவு செய்த நாளையோ எழுதியிருப்பார்கள். அடக்கப் பதிவேட்டை எடுத்து ஒப்பிடாமல் அந்த வரியைத் தொடாதீர்கள்.

ஆங்கிலத் தேதி மட்டும் இருப்பவர்களுக்கு மருத்துவமனைச் சான்றில் நேரம் கிடைக்கும். இறந்த ஊரில் அன்றைக்குச் சூரியன் மறைந்த நேரத்தோடு ஒப்பிட வேண்டும், பிள்ளைகள் இருக்கும் ஊரோடு அல்ல. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாடாக இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். சூரியன் மறைந்து, நட்சத்திரங்கள் தெரிவதற்குள் இறந்திருந்தால் அது அந்தி நேரம். இரண்டு நாளுக்கும் பொதுவான இடைவெளி. அதை அலுவலகம் தீர்மானிக்கக் கூடாது. சபையின் மதகுருவான ரப்பியிடம் கேட்டு, அவர் சொன்னதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

எக்செல்லில் வைப்பதானால் மூன்று விஷயம். 10/03 என்பதை மார்ச் 10 என்றும் அக்டோபர் 3 என்றும் கணினி தன் விருப்பத்துக்குப் படிக்கும். மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 1900-க்கு முந்தைய தேதிகளை அது தேதியாகவே ஏற்காது. அவற்றை வெறும் எழுத்தாக வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: 'அடுத்த யார்சைட்' என்ற கட்டத்தை மூலத் தரவாகச் சேமிக்காதீர்கள். எபிரேய நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். கூடவே மாலைக்கு முன்பா பின்பா தெரியாதா என்று ஒரு கட்டம், இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம். ஆங்கிலத் தேதியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். எபிரேய ஆண்டை விட்டுவிட்டால் கீழே சொல்லும் எதையும் கணக்கிடவே முடியாது.

ரஷ்யப் பேரரசில் இறந்தவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1918 தொடக்கம் வரை அங்கே ஜூலியன் நாள்காட்டி. 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள், 1900 மார்ச்சிலிருந்து 13 நாள் பின்தங்கியிருக்கும். மாற்றுக் கருவிகள் நீங்கள் தருவது கிரிகோரியன் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு பதிவில் இரண்டு தேதி சேர்த்து எழுதியிருந்தால் பிந்தியதுதான் கிரிகோரியன். அங்கிருந்த யூதப் பதிவேடுகளில் எபிரேயத் தேதியும் எழுதும் வழக்கம் இருந்தது. அது கிடைத்தால் கணக்கே வேண்டாம்.

அடுத்து அதார். எபிரேய ஆண்டுகளில் 19-க்கு 7 ஆண்டு, இன்னொரு அதார் சேர்ந்து 13 மாதம் கொண்டவை: சுழற்சியில் 3, 6, 8, 11, 14, 17, 19. ஆண்டை 19-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் தெரிந்துவிடும் (மீதி 0 வந்தால் அது 19). 5784-க்கு மீதி 8, 5787-க்கு மீதி 11. இரண்டும் அதிக மாதம் உள்ள ஆண்டுகள்.

அதிக மாத ஆண்டில் முதல் அதாரிலோ இரண்டாம் அதாரிலோ இறந்தவருக்குச் சிக்கல் இல்லை. அடுத்து இரண்டு அதார் வரும்போது அவரவர் மாதத்திலேயே, மற்ற ஆண்டுகளில் இருக்கிற ஒரே அதாரில். சாதாரண ஆண்டின் அதாரில் இறந்தவருக்குத்தான் வழக்கம் பிரிகிறது. ஷுல்கான் அரூக் என்ற சட்டத் தொகுப்பில் யோசேப் காரோ இரண்டாம் அதார் என்கிறார், செபார்டிகள் அதன்படி. கிராக்கோவின் ரப்பி மோசே இஸ்ஸர்லெஸ் முதல் அதார் என்கிறார். அஷ்கெனாசிகள் அதன்படி, சிலர் இரண்டிலும் கடைப்பிடிப்பார்கள். மேலே சொன்ன 5785 அதார் 10-ஐயே எடுத்துக்கொண்டால், 5787-இல் அஷ்கெனாசி குடும்பத்துக்கு 2027 பிப்ரவரி 17, செபார்டி குடும்பத்துக்கு மார்ச் 19. ஒரு மாத வித்தியாசம்! மென்பொருள் இரண்டில் ஒன்றைத்தான் தன்னிச்சையாகப் போடும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் வழக்கம் என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். சபையின் வழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள்.

ஹெஷ்வான் 30, கிஸ்லேவ் 30 இரண்டையும் சிவப்பில் குறித்து வையுங்கள். இந்த இரண்டு மாதங்களுக்கும் சில ஆண்டுகளில் 29 நாள்தான். பரவலான விதி: முதல் யார்சைட் வரும் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் 30-ஆம் நாள் இல்லாமல் போனால், அடுத்த மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் நிலைத்துவிடும். முதல் ஆண்டிலேயே 30 இருந்திருந்தால், பிறகு 30 இல்லாத ஆண்டுகளில் அடுத்த மாதம் 1-ஆம் தேதி. உதாரணமாக 2024 டிசம்பர் 1 பகலில் இறந்தவருக்கு 5785 ஹெஷ்வான் 30. 5786-இல் ஹெஷ்வானுக்கு 29 நாள்தான். ஆகவே முதல் யார்சைட் 2025 நவம்பர் 20. இதிலும் மாற்றுக் கருத்து உள்ள ரப்பிகள் உண்டு, ஆகவே பட்டியலை ஒரு முறை உங்கள் ரப்பியிடம் காட்டிவிடுங்கள்.

---

கல்லெழுத்து:

பிறை29 சொன்ன அடக்கப் பதிவேடும் கிடைக்கவில்லை என்றால் கல்லறைக்குப் போக வேண்டியதுதான். கல்லைப் படிப்பதிலும் அந்தத் தகட்டு வேலையிலும் வரும் பிழைகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

கல்லின் உச்சியில் பே, நூன் என்ற இரண்டு எழுத்து இருக்கும்: 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். அடியில் தாவ், நூன், சாதே, பேத், ஹே என ஐந்து எழுத்து. 'இவருடைய உயிர் வாழ்வோரின் கட்டுக்குள் கட்டப்பட்டிருக்கட்டும்' என்ற, சாமுவேல் முதல் புத்தகத்து வாக்கு. இவை பெயரல்ல. பெயரோடு சேர்த்து ஏட்டில் ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேதி எழுத்தெண்ணில் இருக்கும். ஆண்டில் 5000-ஐ விட்டுவிடுவது வழக்கம். தாவ் 400, ஷின் 300, நூன் 50, ஹே 5 என்றால் 755, அதாவது 5755. அதிலிருந்து 3760 கழித்தால் 1995. ஆண்டுப் பிறப்பிலிருந்து (செப்டம்பர் அல்லது அக்டோபர்) டிசம்பர் முடிய உள்ள நாளானால் 3761 கழிக்க வேண்டும், 1994. கல் தேய்ந்திருந்தால் ஹேயும் ஹெத்தும் ஒன்றாகத் தெரியும்: 755 என்பது 758 ஆகி, 1997-98-க்குத் தாவிவிடும். இதே போல் மயக்கும் இணைகள்: தாலெத் (4) – ரேஷ் (200), பேத் (2) – காப் (20), வாவ் (6) – ஸாயின் (7), கிமெல் (3) – நூன் (50). 15, 16 இரண்டையும் பத்தோடு ஐந்து, ஆறு என்று கூட்டி எழுத மாட்டார்கள், இறைவன் பெயரின் எழுத்துகள் சேர்ந்துவிடும் என்பதற்காக. 9+6, 9+7 என்று எழுதுவார்கள். தெரியாதவர் 'தெத் வாவ்' கண்டதும் 96 என்று வாசித்துத் திகைப்பார். கல்லில் கிழமையும் குறித்திருந்தால் அதை வைத்து உங்கள் வாசிப்பைச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒரு பொறி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளே விழுகிறார்கள். 'எலூல் மாதப் பிறப்பின் முதல் நாள்' என்று கல்லில் இருந்தால் அது எலூல் 1 அல்ல. மாதப் பிறப்பு இரண்டு நாளாக வரும்போது முதல் நாள் என்பது முந்தைய மாதத்தின் 30. அதாவது ஆவ் 30. இரண்டாம் நாள்தான் எலூல் 1. உங்கள் ஏட்டில் 1-ஆம் தேதி என்று இருக்கும் வரிகளை எல்லாம் இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். ஒரு நாள் இடிக்கும் வரிகளில் சிலவற்றுக்கு விடை இங்கே இருக்கலாம். தவிர 'மெனஹேம் ஆவ்' என்றால் ஆவ், 'மார்ஹெஷ்வான்' என்றால் ஹெஷ்வான்.

படியெடுக்கும்போது கல்லின் மேல் சுண்ணக்கட்டி, ஷேவிங் நுரை, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். கல் அரிக்கும். சுத்தத் தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை, பக்கவாட்டில் பிடித்த கண்ணாடி அல்லது டார்ச் வெளிச்சம் போதும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் எழுத்து தானே எழும்பும். கோஹேன் என்ற பூசாரிக் குலத்தவரை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் கல்லறை நிலத்துக்குள் வருவதில்லை. வெளியே வரும்போது கை கழுவும் வழக்கத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது தகடு. வார்ப்பு முடிந்தபின் திருத்த முடியாது, மறு வார்ப்புதான். வார்ப்பாலைக்கு எபிரேயம் தெரியாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வலமிருந்து இடமாக எழுதத் தெரியாத மென்பொருளில் எபிரேயத்தை ஒட்டினால் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் போய் நிற்கும். எபிரேயம் அறியாதவர் கூடக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: காப், மெம், நூன், பே, சாதே ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். அந்தக் கடைசி வடிவம் சொல்லின் இடது முனையில்தான் இருக்க வேண்டும். வலது முனையில் நின்றால் சொல் திரும்பிவிட்டது. 'மகன்' என்று பொருள்படும் 'பென்' எல்லா ஆண் பெயரிலும் வரும், அதில் நூனின் கடைசி வடிவம் இருக்கும். அதை மட்டும் பார்த்தாலே பெரும்பாலான தகடுகள் பிடிபடும். கோப்பை எழுத்தாக அனுப்பாமல், கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். திரும்பி வரும் படியைக் குடும்பத்தில் ஒருவர், எபிரேயம் படிப்பவர் ஒருவர், இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகே வார்க்கச் சொல்லுங்கள்.

பெயரில் தந்தை பெயர் வேண்டும்: இன்னாரின் மகன், இன்னாரின் மகள். கோஹேன், லேவி குலத்தவர் என்றால் அதுவும். யூதம் தழுவியவர்களுக்கு ஆபிரகாமின் மகன் அல்லது மகள். செபார்டி குடும்பங்கள் பலவற்றில் இறந்தவரைத் தாய் பெயரோடு சொல்வார்கள். நீங்களே ஊகித்து நிரப்பாமல் குடும்பத்தைக் கேளுங்கள்.

---

ஏட்டுக்காரர்:

மிக்க நன்றி. 1-ஆம் தேதி வரிகளைப் பிரித்தெடுத்தாயிற்று, நீங்கள் சொன்ன மாதப் பிறப்புக் குழப்பம் உண்மையிலேயே இருக்கிறது. இரண்டு துணைக் கேள்விகள். இறந்த நேரம் கண்டுபிடிக்கவே முடியாத பெயர்களுக்கு என்ன செய்வது? இறந்தவருக்காகக் கதீஷ் என்ற தொழுகைப் பாடத்தைச் சொல்லும் 11 மாதம் முடியும் நாளையும் குடும்பங்கள் அலுவலகத்திடம்தான் கேட்கிறார்கள். அதை எப்படி எண்ணுவது?

---

பிறை29:

நேரம் தெரியாவிட்டால் குடும்பம் இதுவரை எந்த நாளைக் கடைப்பிடித்து வந்ததோ அதை மாற்றாதீர்கள். அப்படி ஒரு வழக்கமும் இல்லை என்றால் பகல் என்று கொண்டு, 'நேரம் தெரியாது' என்று குறித்து, ரப்பியின் ஒப்புதலோடு நிலைப்படுத்துங்கள். பிறகு ஆதாரம் கிடைத்தால் திருத்தலாம். குறிப்பு இல்லாமல் விட்டால் பின்னால் வருபவருக்கு அது ஊகமா ஆதாரமா என்றே தெரியாது.

11 மாதம் என்பது தாய் தந்தைக்கு. கணவன், மனைவி, உடன்பிறந்தார், பிள்ளை இவர்களுக்குத் துக்க காலமே 30 நாள்தான். எண்ணுவது மாதக் கணக்கு. ஆண்டு வளர்ந்தாலும் 11 மாதம் வளராது. திஷ்ரி 10-இல் தொடங்கினால் சாதாரண ஆண்டில் எலூல் 9-ஓடு முடியும், அதிக மாத ஆண்டில் ஆவ் 9-ஓடு. அதிக மாத ஆண்டில் 'யார்சைட்டுக்கு ஒரு மாதம் முன்பு' என்று பின்னாலிருந்து எண்ணினால் ஒரு மாதம் கூடிவிடும். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இறந்த நாளிலிருந்தா அடக்க நாளிலிருந்தா என்பதில் சபைக்குச் சபை வழக்கம் வேறு. அதை ரப்பியிடம் ஒரே முறை கேட்டு, ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

12 அல்ல, ஏன் 11 என்று பிள்ளைகள் கேட்பார்கள். தீயோருக்கான தீர்ப்புக் காலம் 12 மாதம் என்பது மரபு. முழுக் காலமும் சொன்னால் பெற்றோரை அந்த வரிசையில் வைத்ததாகிவிடும் என்பதால் முன்கூட்டியே நிறுத்துகிறார்கள்.

---

திரிவிளக்கு:

கடிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏட்டை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் கடைசியில் குடும்பத்தின் கைக்குப் போவது அந்தக் கடிதம்தான்.

ஒரே ஒரு ஆங்கிலத் தேதி போட்டு அனுப்பாதீர்கள். '2026 பிப்ரவரி 27' என்று மட்டும் இருந்தால் மக்கள் 27 மாலையில் மெழுகுத்திரி ஏற்றுவார்கள். அப்போது நாள் முடிந்தே போயிருக்கும். 'பிப்ரவரி 26 வியாழன் சூரியன் மறையும்போது தொடங்கி 27 வெள்ளி மாலை முடிகிறது' என்று கிழமையோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். இறந்தவரின் எபிரேயப் பெயர், வழக்குப் பெயர், எபிரேயத் தேதி, அன்றைய மாலை, காலை, பிற்பகல் தொழுகை நேரங்கள், மின்யானுக்கு (தொழுகைக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) வேண்டிய பத்துப் பேர் எந்தத் தொழுகையில் உறுதியாகக் கூடுவார்கள் என்ற தகவல், எந்த ஷப்பாத்தில் பெயர் வாசிக்கப்படும் என்பது, இவை இருக்க வேண்டும். மின்யான் இல்லாமல் கதீஷ் சொல்வதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து நின்று, ஒன்பது பேரோடு திரும்பிப் போகும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அந்த வாரம் ஆள் குறைவு என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆட்களைக் கேட்டு வையுங்கள். செபார்டி குடும்பங்களில் யார்சைட்டுக்கு முந்தைய ஷப்பாத்திலிருந்தே கதீஷ் தொடங்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்குக் கடிதம் ஒரு வாரம் முன்னதாகவே போக வேண்டும்.

மூன்று நான்கு வாரம் முன்பு கடிதம், மூன்று நாள் முன்பு ஒரு குறுஞ்செய்தி. பிள்ளைகள் நால்வர் என்றால் நால்வருக்கும் தனித்தனியே. மூத்தவருக்கு மட்டும் அனுப்பி, அவர் சொல்லிவிடுவார் என்று விடுவதில்தான் பெயர்கள் மறைகின்றன. கடிதம் பெறுகிறவரே இறக்கும்போது அவர் கவனித்து வந்த பெயர்கள் எல்லாம் ஒரே நாளில் ஆளில்லாமல் போகும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தொடர்பாவது வையுங்கள். யாருமே இல்லாதவர்களைத் தனிப் பட்டியலாக்கி, சபையில் ஒருவர் அவர்களுக்காகக் கதீஷ் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தோடு கதீஷ் பாடத்தை, குடும்பம் படிக்கும் எழுத்தில் ஒலிபெயர்த்து ஒரு அட்டையாக வையுங்கள். மொழி அரமேயம், சாவு பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 'ஆமேன், யெஹே ஷ்மே ரப்பா' என்ற வரியைச் சபையார் சொல்ல வேண்டும், கதீஷ் சொல்பவர் அதற்கு நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டிய இடங்களை அட்டையில் தடித்த எழுத்தில் காட்டினால், முதல் முறை சொல்பவர் சபையின் குரல் மீது ஏறிப் போக மாட்டார்.

மெழுகுத்திரி: 24 மணி நேரத் திரி என்று விற்பதில் சில முன்பே அணைந்துவிடும். அந்தி முதல் அடுத்த இரவு வரை 25 மணி நேரம் வேண்டியிருக்கும், ஆகவே 26 மணி நேரத் திரி நல்லது. கண்ணாடிக் குவளையில் உள்ளது கடைசி மணி நேரத்தில் அடிப்பாகம் சுட்டு விரியக்கூடும். திரியைப் பிடித்திருக்கும் தகரம் மெழுகில்லாமல் நேராகக் கண்ணாடி மேல் உட்காருவதால். பீங்கான் தட்டிலோ உலோகத் தட்டில் மணல் பரப்பியோ வையுங்கள். திரைச்சீலை, அலமாரிக்கு அடி, ஜன்னல் காற்று மூன்றையும் தவிர்க்க வேண்டும். ஏற்றும்முன் திரியை நிமிர்த்திவிடுங்கள். சாய்ந்த திரி ஒரு பக்கமாக உருக்கி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். ஏற்றும்போது ஆசீர்வாத மந்திரம் எதுவும் இல்லை.

ஷப்பாத்தில் வரும் யார்சைட்டுக்கு வெள்ளிக்கிழமை, ஷப்பாத் விளக்குகளுக்கு முன்பே ஏற்ற வேண்டும். நடுவில் அணைந்தால் மறுபடி ஏற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கான யார்சைட் என்றால் சனி இரவு ஷப்பாத் முடிந்த பிறகே. பண்டிகை நாளில் புதுத் தீ உண்டாக்காமல், முன்பே எரிகிற சுடரிலிருந்து எடுக்க வேண்டும். எனவே அதற்கு முதல் நாளே ஒரு நீண்ட திரி எரியவிட்டு வைப்பார்கள். மருத்துவமனையிலோ விடுதியிலோ தீக்கு அனுமதி இல்லை என்றால் மின்விளக்கு ஏற்கப்படும். இதையும் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதியவர்கள் ஒளித்து ஏற்றப் பார்ப்பார்கள். மறந்து போய்ப் பகலில் நினைவு வந்தால், நாள் முடியும்வரை ஏற்றலாம்.

நினைவுப் பலகையில் தகட்டுக்கு அருகே உள்ள சிறு விளக்குகளுக்கும் இதே கணக்கு. ஷப்பாத்தில் சுவிட்சைத் தொட முடியாது. அந்த வாரத்து விளக்குகளை வெள்ளி பிற்பகலே போட்டுவிடுங்கள், அல்லது டைமர் வையுங்கள். யிஸ்கோர் என்ற நினைவுத் தொழுகை சொல்லும் நாள்களில் எல்லா விளக்கும் எரிய வேண்டும்: யோம் கிப்பூர், ஷெமினி அட்ஸெரெத், பெசாகின் கடைசி நாள், ஷாவுஓத் (இஸ்ரேலுக்கு வெளியே இரண்டாம் நாள்). எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போதுதான் பழைய மின்மாற்றி தாங்குமா என்று தெரியவரும். ஒரு வாரம் முன்பே ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள்.

யிஸ்கோர் புத்தகத்துக்குப் பெயர் சேகரிப்பதானால் கடைசித் தேதியை ஆண்டுப் பிறப்புக்கு முன்னால் வையுங்கள். யிஸ்கோர் நாள்களில் எழுத முடியாது என்பதால், தர்மத் தொகைக்கு ஓரத்தில் மடிக்கும் நாக்குள்ள அட்டைகள் பயன்படும். பேனா தேவைப்படும் எதையும் இருக்கையில் வைக்காதீர்கள்.

---

கல்லெழுத்து:

ஷோவாவில் நாள் தெரியாமல் போனவர்களுக்கு: இஸ்ரேலின் தலைமை ரப்பி மன்றம் தேவேத் 10-ஐப் பொதுக் கதீஷ் நாளாக அறிவித்திருக்கிறது. எருசலேம் முற்றுகை தொடங்கிய நாளுக்கான பழைய நோன்பு அது. 2026-இல் டிசம்பர் 20 ஞாயிறு; மெழுகுத்திரி 19 சனி இரவு, ஷப்பாத் முடிந்தபின். நிசான் 27-இல் வரும் யோம் ஹஷோவா இஸ்ரேலின் பொது நினைவு நாள். ஏட்டில் தனி மனிதருக்கு நாள் குறிக்க அது பொதுவாகப் பயன்படுவதில்லை.

ஆனால் உடனே எல்லோரையும் தேவேத் 10-இல் சேர்த்துவிடாதீர்கள். முதலில் தேடுங்கள். எருசலேமில் உள்ள ஷோவா நினைவகமான யாத் வஷெமின் பெயர்த் தரவுத்தளத்தில் உறவினர்கள் நிரப்பிய சாட்சியப் பக்கங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் முகாம்களின் பதிவுகளும் நாடுகடத்தல் பட்டியல்களும் உள்ளன. ஊர் ஊராகத் தப்பிப் பிழைத்தவர்கள் தொகுத்த யிஸ்கோர் (நினைவு) நூல்களில் அந்த ஊர் கெட்டோ (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) அழிக்கப்பட்ட நாள் இருக்கும். ஒரே ஊரார் அந்த நாளையே பொது யார்சைட்டாகக் கொள்வது பல இடங்களில் வழக்கம். பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடாதீர்கள். போலிஷ், ஜெர்மன், ஹங்கேரியன், இத்திஷ் ஒவ்வொன்றிலும் ஒரே பெயர் வேறாக இருக்கும். பிறந்த ஊர், தந்தை பெயர் இரண்டையும் வைத்துத் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நாடுகடத்தப்பட்ட நாள் மட்டும் கிடைத்தால், அதை இறந்த நாள் கட்டத்தில் போடாமல் 'கடைப்பிடிக்கும் நாள்' என்று தனிக் கட்டம் வையுங்கள். அங்கே எபிரேயத் தேதியும், ஆதாரக் கட்டத்தில் 'நாடுகடத்தல் பட்டியல்' என்றும் இருக்கட்டும். இறந்த நாள் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள். இதுவரை சாட்சியப் பக்கம் நிரப்பப்படாத பெயர் உங்கள் ஏட்டில் இருந்தால், விவரம் தெரிந்த உறவினர் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவிடுங்கள்: பெயர், பெற்றோர் பெயர், பிறந்த இடம், போருக்கு முன் வாழ்ந்த ஊர், தொழில், தெரிந்த அளவு முடிவு. படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டியதில்லை. பெயரும் ஊரும் மட்டும் தெரிந்தாலும் அனுப்புங்கள்.

---

ஏட்டுக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. கட்டங்களை இப்படி முடிவு செய்திருக்கிறோம்: எபிரேய நாள், மாதம், ஆண்டு, ஆங்கிலத் தேதி எழுத்தில், மாலைக்கு முன், பின், தெரியாது, இறந்த இடம், ஆதாரம், குடும்ப வழக்கம், கடைப்பிடிக்கும் நாள், இரண்டு தொடர்புகள், ரப்பியின் முடிவு இருந்தால் அதன் தேதியோடு. அதார், ஹெஷ்வான் 30, கிஸ்லேவ் 30 வரிகளும் மாதப் பிறப்பு வரிகளும் தனியே அச்சிட்டு இந்த வாரமே ரப்பியிடம் போகின்றன. அவை திரும்பி வரும்வரை தகடு எதையும் வார்ப்புக்கு அனுப்பப்போவதில்லை.